படிவத்தில் ஒரு கட்டம் குறைகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் முழுமை நல வகுப்புகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தீர்கள். யோகா, மூச்சுப் பயிற்சி, தியானம், தாய்ச்சி என்கிற மெதுவான சீன உடற்பயிற்சி, கையை வைத்துச் சக்தி செலுத்துவதாகச் சொல்கிற ரெய்கி, நறுமண எண்ணெய் மசாஜ், கிண்ணத்தைத் தட்டி ஒலி எழுப்புவது என்று ஒன்று விடாமல் பட்டியல், பக்கத்துக்குப் பக்கம் கண்ணை மூடிச் சிரிக்கிறவர்கள் படம். திட்டுவதற்காக எழுதவில்லை. ஆறு வருடமாக இந்த வகுப்புகளில் மாறி மாறி உட்கார்ந்து எழுந்தவள் நான். என்னைப் போன்றவர்கள் இந்த மாதிரிப் பட்டியலைப் பார்த்துத்தான் போய்ச் சேருகிறோம், அதனால் அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் இடுப்பு வலிக்கு யோகா கேட்டது. முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் நாலு மாதத்தில் யார் கையையும் பிடிக்காமல் குனிந்து செருப்பு மாட்ட முடிந்தது, வலி உள்ளவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இது என் பிரமையும் இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பு 2017ல் வெளியிட்ட வழிகாட்டியே நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்குப் போகும் முன் உடற்பயிற்சி, யோகா, தாய்ச்சி, தியானம் போன்றவற்றை முயன்று பார்க்கச் சொல்கிறது. இன்றைக்கு எல்லாரும் நடத்துகிற எட்டு வாரத் தியான வகுப்பையும் ஜான் கபாட்-ஜின் 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில்தான் ஆரம்பித்தார், நாள்பட்ட வலியோடு இருந்த நோயாளிகளை டாக்டர்களே அனுப்பிவைத்தார்கள். வகுப்பும் டாக்டரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான் சேர்ந்த இடத்தில் அந்தப் பேச்சே இல்லை.

சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், கைபேசி எண், எந்த பேட்ச், பிறந்தநாள் (வாழ்த்து அனுப்புவார்களாம்), வகுப்பில் எடுக்கும் போட்டோவை இன்ஸ்டாகிராமில் போடச் சம்மதமா என்பதற்கு ஒரு கட்டம். எனக்கு என்ன நோய், என்ன மருந்து எடுக்கிறேன் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. நானும் சொல்லவில்லை. எனக்குக் கண்ணில் கிளாகோமா, அதாவது கண் அழுத்த நோய், ராத்திரி இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன். கண்ணில் விடுகிற சொட்டுக்கும் பாயில் படுத்துக் காலைத் தூக்குவதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

ஐந்தாம் மாதம் சுவரோரமாக வைத்துச் சிரசாசனம் கற்றுக்கொடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, இந்த வயதில் தலைகீழாக நிற்கிறேனே என்று! போட்டோ எடுத்துப் பேரனுக்கெல்லாம் அனுப்பினேன். அப்புறம் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது கண் டாக்டர் ஏதோ பேச்சுவாக்கில் "யோகா பண்றீங்களா, தலைகீழா நிக்கிற மாதிரி ஏதாவது?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே போனை எடுத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் 10 முதல் 21 வரை இருந்தால் சாதாரணம், தலைகீழாக நிற்கும்போது நல்ல கண்ணிலேயே அது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும் என்றார். எனக்கு மருந்து விட்டுத்தான் 17ல் நிற்கிறது. கிளாகோமாவில் அடிபடுவது பார்வை நரம்பு, போன பகுதி திரும்ப வராது. தலையைத் தொங்கவிட்டுச் செய்கிற அதோமுக சுவானாசனம்கூட அழுத்தத்தை ஏற்றுமாம், அதையோ நான் தினமும் செய்துகொண்டிருந்தேன். நல்ல வேளையாகப் புதிதாக எதுவும் போகவில்லை.

வகுப்பில் போய் இதைச் சொன்னேன். "பயப்படாதீங்கம்மா, நெகட்டிவா நினைச்சாதான் எதுவும் வரும்" என்றார் பயிற்சியாளர். தெரியாமல் செய்ததற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை, இந்தப் பதிலுக்குத்தான் வந்தது. அன்றோடு நின்றுவிட்டேன்.

இத்தனைக்கும் இவர்கள் வாயைத் திறந்தால் வருகிற முதல் வார்த்தை முழுமை. ஹோலிசம் என்ற ஆங்கிலச் சொல்லையே ஜான் ஸ்மட்ஸ் என்ற தென்னாப்பிரிக்க அரசியல்வாதி 1926ல்தான் உண்டாக்கினார், உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்தால் மொத்தம் பிடிபடாது என்பது அவர் சொல்ல வந்தது. சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் என் கண்ணும் அந்த மொத்தத்தில்தானே வருகிறது? நான் எடுக்கிற மருந்தும்? டாக்டர்கள் உறுப்பைத்தான் பார்க்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை என்று இவர்கள் குறை சொல்கிறார்கள். என் விஷயத்தில் முழு ஆளையும் பார்த்துக் கேள்வி கேட்டது ஒரே ஒரு உறுப்பைப் படித்த டாக்டர்தான்.

இது ஒரு வகுப்பின் கதை மட்டும் இல்லை. வயிற்றைச் சுருக்கி வேகமாக மூச்சை வெளியே தள்ளுகிற கபாலபாதியை இப்போது எங்கே போனாலும் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். உயர் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள் அதைச் செய்யக்கூடாது என்பது யோகா படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம், ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் யாருக்கு என்ன என்று கேட்கிற ஆளை நான் பார்த்ததில்லை. பயிற்சியாளர்களை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற, யோகா பயிற்சியாளருக்கான 200 மணி நேரச் சான்றிதழை நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் உட்கார்ந்தால் 25 நாளில் வாங்கிவிடலாம். அதில் ஆசனமும் தத்துவமும் பாடம் எடுக்கும் விதமும் போக நோய்களுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும்? பல நாடுகளில் யோகா சொல்லிக்கொடுக்க அரசு உரிமம் எதுவும் தேவையே இல்லை.

என் நாத்தனார் கதை வேறு. மசாஜுக்குப் போன இடத்தில் களைப்புக்கு நல்லது என்று அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரை ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குத் தைராய்டு குறைவு, பல வருடமாக மாத்திரை எடுக்கிறாள். அமுக்கரா தைராய்டு ஹார்மோன் அளவை ஏற்றிவிடக்கூடும், சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மூலிகைதானே என்றாள். வேலை செய்கிற மூலிகை என்றால் அது மருந்துதான், மருந்தென்றால் இன்னொரு மருந்தோடு மோதத்தான் செய்யும். அதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

ரெய்கியைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். கையிலிருந்து சக்தி பாய்கிறது என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதற்கு நெருங்கிய, உடம்பைத் தொடாமலே கையால் அதன் சக்தியை உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொல்கிற தெரபியூட்டிக் டச் என்ற முறையை எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காகச் சோதித்தாள். நடுவில் ஒரு மறைப்பு, அந்தப் பக்கம் கையை நீட்டியபடி சிகிச்சையாளர், அவருடைய எந்தக் கைக்கு மேல் இவள் கை இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 21 பேர், 280 முறை, சரியாகச் சொன்னது 44 சதவீதம். காசைச் சுண்டியே 50 கிடைக்கும். 1998ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானது. அதற்காக ரெய்கிக்குப் போகாதே என்று யாரிடமும் சொல்லமாட்டேன். ஒரு மணி நேரம் போன் இல்லாமல் இருட்டறையில் படுத்திருக்க, அன்பான ஒருவர் பக்கத்தில் அமைதியாக இருப்பது எனக்கே பிடித்திருந்தது. ஆனால் அதே அறையில் மார்பில் கட்டி உள்ள ஒரு பெண்ணிடம் "மூன்று மாதம் பார்க்கலாம்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். வெளியே வந்ததும் அந்தப் பெண்ணை நிறுத்திப் பேசினேன், அதிகப்பிரசங்கித்தனம்தான். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்ட ஆய்வில், குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த புற்றுநோய்க்கு மாற்றுச் சிகிச்சையை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இரண்டரை மடங்கு, மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். மூன்று மாதம் பார்க்கிற விஷயமா அது?

இப்போது நான் தாய்ச்சிக்குப் போகிறேன். அந்த ஆசிரியை முதல் நாள் என்னைப் பயிற்சிக்கே விடவில்லை. உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். போன வருடம் விழுந்தீர்களா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, என்னென்ன மாத்திரை, எலும்பு பார்த்தார்களா, கண் எப்படி. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது, சும்மா கையைக் காலை ஆட்டுவதற்கு இவ்வளவா என்று. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். வயதானவர்கள் கீழே விழுவதைத் தாய்ச்சி குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு, அதைச் சொல்லி ஆள் சேர்ப்பது சுலபம், அவர் அதைக்கூட நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது வகுப்பின் பெயர், நேரம், தொலைபேசி எண் இவற்றோடு இன்னும் இரண்டு தகவல் கேட்டுப் போடுங்கள். சேருகிறவர்களின் நோயையும் மருந்தையும் முன்கூட்டியே கேட்கிறார்களா? இது உங்களுக்கு வேண்டாம், டாக்டரைப் பாருங்கள் என்று கடைசியாக யாரை எப்போது திருப்பி அனுப்பினார்கள்? இரண்டாவதற்குப் பதில் சொல்லாதவர்களின் இடத்தைக் காலியாகவே விட்டு அச்சடியுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பல வருட வாசகி