பெரும்பாக்கத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். என் ஆய்வைப் பற்றிக் கேட்டிருந்தாய். இழுத்துக்கொண்டுதான் போகிறது.

இப்போது சென்னையின் தெற்கே, பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் இளைஞர்களிடம் அவர்கள் வேலையைப் பற்றிப் பேசி வருகிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் இங்கே நிறைய. "வேலைக்குப் போறியா தம்பி?" என்றால், "சும்மாதான் இருக்கேண்ணா" என்பான். பேசப் பேசத்தான் முந்தாநாள் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறியது, போன வாரம் பெயின்ட் அடிக்கப் போனது எல்லாம் வெளியே வரும். அவன் அதையெல்லாம் வேலையாகவே எண்ணுவதில்லை. அரசுக் கணக்கு நேர் எதிர்: மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வார முறைப்படி, கடந்த 7 நாளில் 1 மணி நேரம் உழைத்திருந்தாலே அவன் வேலையில் இருப்பவன். வேலையின்மை விகிதத்தை மட்டும் வைத்து இந்த இடத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் வாதம். மாதத்தில் எத்தனை நாள் வேலை, அடுத்த வேலைக்கு யார் கூப்பிடுவார்கள் என்று கேட்க வேண்டும். கேள்வித்தாளையே திருத்திக்கொண்டிருக்கிறேன். என் வழிகாட்டிக்கு அது பிடிக்கவில்லை, சரி, பார்ப்போம்.

யார் கூப்பிடுவார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருந்தவரை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கிற தூரம். லோடு இறக்க ஆள் வேண்டுமென்றால் ஒரு குரல் போதும். இங்கிருந்து அது இருபது கிலோமீட்டருக்கு மேல். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் வேறொருவன் இறக்கி முடித்திருப்பான். கூப்பிட்டதும் வந்து நிற்பதுதான் தினக்கூலிக்காரனின் ஒரே தகுதி. குடியேற்றம் அதைப் பிடுங்கிக்கொண்டது.

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்தில்தானே என்பாய். அங்கே இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங். அதுவும் கான்ட்ராக்டில். டிகிரி முடித்த பையன் தயங்குகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விண்ணப்பத்தில் பெரும்பாக்கம் என்று போட்டாலே முகம் மாறுகிறது என்று சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுப்பவர்களும் உண்டு. பைக் இருப்பவர்கள் டெலிவரிக்குப் போகிறார்கள். வண்டித் தவணையும் பெட்ரோலும் போக மிச்சம் என்ன என்று இனிமேல்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்புறம், உன்னிடம் ஓர் உதவி. உன் ஐடிஐயில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் முடித்த பையன்களில் அதே தொழிலில் நீடிப்பவர்கள் பாதியாவது தேறுவார்களா? இடையில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள்? ஞாபகத்தில் இருப்பதை எழுது, போதும்.

அன்புடன்,
சேகர்