அடுத்த மனைப்பிரிவுக்குக் கையெழுத்திடும் முன்

புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கும், எங்கள் பகுதி ஊராட்சி நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் தெருமுனைக்கு இரண்டு செய்திகள் வந்து சேர்ந்தன. பக்கத்து வயலில் ‘அரசு அங்கீகாரம் பெற்ற வீட்டுமனைகள்’ என்று ஒரு பலகை முளைத்தது முதல் செய்தி. அதே வாரம் பள்ளி வேன் ஓட்டுநர், “தை பிறக்கும்வரை உள்ளே வரமாட்டேன், அக்கா. போன மழையில் இரண்டு முறை சக்கரம் புதைந்துவிட்டது. பிள்ளைகளை மெயின் ரோட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வண்டியும் அவருடையது, பிழைப்பும் அவருடையது.

சாலையும் பள்ளியும் கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. ஆகஸ்ட் 15 கிராம சபையில் பேசினோம், அக்டோபர் 2 கிராம சபையிலும் பேசினோம். ஆகவே விவரங்களை மறுபடியும் அடுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். வரைபடத்தில் காட்டிய சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்கு ஒப்படைத்த பிறகே எங்கள் மனைப்பிரிவுக்கு அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து அந்தச் சாலைகள் ஊராட்சியின் சொத்து. ஆனால் மனை விற்றவரைக் கேட்டால் “எழுதிக் கொடுத்துவிட்டேன்” என்கிறார். ஊராட்சியில் கேட்டால் “நிதி வரட்டும்” என்கிறார்கள். மெயின் ரோட்டையும் எங்களையும் இணைக்கும் பழைய வண்டிப்பாதையைப் பற்றிக் கேட்டால் யாருமே வாய் திறப்பதில்லை.

மழை நாளில் காலை எட்டு மணிக்கு அந்த வண்டிப்பாதையின் முனைக்கு ஒருமுறை வாருங்கள். என் பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டிலிருந்து ரப்பர் செருப்போடு கிளம்புகிறாள். ஷூவும் சாக்ஸும் ஒரு பிளாஸ்டிக் பையில் அம்மாவின் தோளில் தொங்குகின்றன. சேறு முழங்கால்வரை ஏறிவிடும் இரண்டு இடங்களில் அம்மா அவளைத் தூக்கிக்கொள்கிறார். மெயின் ரோட்டை அடைந்ததும் மைல்கல்லின்மேல் உட்காரவைத்து, புத்தகப் பையிலிருந்து குடிநீர்ப் பாட்டிலை எடுத்துக் காலைக் கழுவுகிறார். தன் முந்தானையால் விரலிடுக்கு வரை துடைத்து, சாக்ஸை மாட்டி, ஷூவின் வாரைக் கட்டுகிறார். பாட்டிலில் பாதித் தண்ணீர் போய்விடுகிறது. மீதியைத்தான் அந்தப் பிள்ளை சாயங்காலம்வரை வைத்துக் குடிக்கிறாள். ஒரு நாள், “அம்மா, இன்றைக்கு ஒரு காலை மட்டும் கழுவு, எனக்குத் தாகமாக இருக்கும்” என்று அவள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஏழு வயதுப் பிள்ளை இப்படிக் கணக்குப் போடுகிறாள். அன்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அவளை ஏன் அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும், ஊரிலேயே பள்ளி இருக்கிறதே என்று உங்களில் ஒருவர் கேட்டார். இருக்கிறது. இரண்டு வகுப்பறைகள், இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். ஊர் மட்டும் இருந்த காலத்தில் அந்தக் கணக்கு சரியாக இருந்தது. இன்று ஊரைச் சுற்றி நான்கு மனைப்பிரிவுகள். இடமில்லாத வகுப்பறையைப் பார்த்துவிட்டுப் புதிதாகக் குடிவந்தவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடுகிறார்கள். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. பதிவேட்டில் பிள்ளைகள் கூடவில்லை என்பதால் ஆசிரியர் வருவதில்லை. ஆசிரியர் இல்லை என்பதால் பிள்ளைகள் சேர்வதில்லை. இந்த முடிச்சை அந்தத் தாய் எப்படி அவிழ்ப்பார்? அவிழ்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

எத்தனை மனைகளுக்கு அனுமதி கொடுத்தீர்கள் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். எத்தனை குடும்பங்கள் வரும், ஏறக்குறைய எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று ஒரு தாளில் கணக்கிட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு மனைப்பிரிவும் தனிக் கோப்பாக வருகிறது, தனிக் கோப்பாகவே முடிகிறது. நான்கையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால்தான் பத்து விழுக்காடு திறந்தவெளி ஒதுக்க வேண்டும். அதற்குள் அடங்கும் சிறு பிரிவுகள் நாலைந்து அடுத்தடுத்து வந்தால் விளையாட ஓர் அடி நிலமும் மிஞ்சாது. பூங்காவுக்கே இந்தக் கதி என்றால் பள்ளிக்கு யார் இடம் ஒதுக்குவார்கள்?

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை வகுப்புகள் என்பது நீண்ட காலமாக உள்ள நெறி. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அருகமைப் பள்ளி இல்லாத இடங்களில் மூன்றாண்டுகளுக்குள் அமைத்துவிட வேண்டும் என்று அதன் ஆறாவது பிரிவு சொல்கிறது. அந்த மூன்றாண்டுகள் 2013லேயே முடிந்துவிட்டன.

நாங்கள் வளர்ச்சிக் கட்டணம் கட்டியிருக்கிறோம், முத்திரைத்தாள் வாங்கியிருக்கிறோம், வீட்டு வரியைத் தவணை தவறாமல் செலுத்துகிறோம். எல்லாம் கொடுத்த பிறகும், “அங்கே போய் ஏன் மனை வாங்கினீர்கள்?” என்று அலுவலக வாசலில் வைத்து எங்களைக் கேட்கிறார்கள். அங்கீகார எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினோம், ஐயா. அந்த எண்ணை வழங்கியவர்கள் நீங்கள். அதை நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்களைத் தவறு செய்தவர்களைப் போல நடத்துவது எந்த விதத்தில் நியாயம்? குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, மாலை ஆறு மணிக்குப் பிறகு வராத பேருந்து என்று எழுதத் தொடங்கினால் இந்த மடல் நீண்டுகொண்டே போகும். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பக்கத்து வயலில் முளைத்த அந்தப் பலகைக்குப் பிறகு இந்தப் பகுதியில் இன்னொரு மனைப்பிரிவுக்குக் கையெழுத்திடும் முன், இருப்பவர்களுக்குச் சாலையையும் பள்ளியையும் கொடுங்கள். வண்டிப்பாதையைத் தார்ச் சாலையாக்கும் பணி எந்த மாதம் தொடங்கும், பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறை எப்போது, ஆசிரியர் எப்போது என்பதைத் தேதியோடு எழுத்தில் தெரிவியுங்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் எங்களிடம் ஏற்கெனவே மூன்று இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில் இருக்கிறது. அதற்குள் தார் போட முடியாது என்பது எங்களுக்கும் புரிகிறது. அந்த இரண்டு பள்ளங்களில் மட்டுமாவது இந்த வாரமே ஜல்லி கொட்டி நிரவிக் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வேன் உள்ளே வருமா என்று ஓட்டுநரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சார்பில்,
மூன்றாம் தெருவில் வசிக்கும் ஒரு தாய்