ஊசி குத்தியதைச் சொல்ல ஏன் பயம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் 26 ஆண்டுகளாக மருத்துவ ஆய்வகத்தில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். போன மாதம் நடந்த ஒன்றை உங்கள் வாசகர்களிடமும், குறிப்பாக ஆய்வகம் நடத்துகிறவர்களிடமும் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் ஒருத்தி, மதியம் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "மேடம், ஊசி குத்தினா எத்தனை நாளுக்குள்ள டாக்டரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள். யாருக்குக் குத்தியது என்றேன். அழுதுவிட்டாள். ரத்தம் எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போது இடது கை ஆள்காட்டி விரலில் குத்தியிருக்கிறது. கையுறையை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறாள். அது நடந்து அன்றோடு நான்கு நாள்.

நான்கு நாள் என்று கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். அவளுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி 1,000 பேருக்குக் குத்தினால் ஏறத்தாழ 3 பேருக்குத்தான் தொற்றும் என்று சொல்லித் தேற்றினேன். ஆனால் எங்கள் வேலையில் இன்னும் அதிகம் பயப்பட வேண்டியது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. தடுப்பூசி போடாதவருக்கு அந்தக் கிருமியுள்ள ஊசி குத்தினால் 100 பேரில் 6 முதல் 30 பேர் வரை தொற்றலாம். இவள் இரண்டு தவணை போட்டிருக்கிறாள், மூன்றாவதை விட்டுவிட்டாள். யாருடைய ஊசி என்று தெரிந்தால் அவருடைய ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்கலாம். குத்திய அன்று காலை மட்டும் 40 பேருக்கு மேல் ரத்தம் எடுத்திருக்கிறாள். நான்கு நாள் கழித்து என்ன நினைவிருக்கும்?

நல்லவேளை, ஹெபடைடிஸ் பி விஷயத்தில் கொஞ்சம் அவகாசம் இருந்தது. கிருமியை எதிர்க்கும் சக்தியை நேரடியாக உடம்புக்குத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவதுதான் நல்லது என்றாலும் 7 நாள் வரை போடலாம். அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த ஊசியும் விட்டுப்போன தடுப்பூசியும் போட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஊசி குத்திக்கிறவங்க கவனக்குறைவானவங்கன்னு முதல் நாளே சொன்னாங்க மேடம்" என்றாள். அந்த வார்த்தையை நானும் எத்தனையோ பயிற்சி மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவள் ரத்தம் எடுக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். பயன்படுத்திய ஊசியைப் போடும் பெட்டி அறையின் மறுகோடியில் இருந்தது. வரிசையில் நோயாளிகள் காத்திருக்க, ஒவ்வொரு முறையும் திறந்த ஊசியோடு எழுந்து நடக்க யாருக்கு மனம் வரும்? அதனால்தான் மூடி போட்டிருக்கிறாள். அவளுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் பயமில்லாமல் சொல்லியிருந்தால் பெட்டி என்றைக்கோ கைக்கெட்டும் இடத்துக்கு வந்திருக்கும். இப்போது வந்துவிட்டது. முக்கால்வாசி நிறைந்ததும் மூடிவிட்டு வேறு வைக்கிறோம்.

இப்படி வெளியே வராத விபத்துகள் இன்னும் உண்டு. ரத்தக் குழாய்களை வேகமாகச் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரம் சுற்றும்போது உள்ளே குழாய் உடையும் சத்தம் கேட்கும். நிறுத்திவிட்டு 30 நிமிடம் திறக்காமல் இருக்க வேண்டும். உடைந்த வேகத்தில் ரத்தம் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் காற்றில் மிதக்கும். ஆனால் வார்டிலிருந்து "ரிப்போர்ட் ரெடியா?" என்று போன் அடித்துக்கொண்டே இருக்கும். உடனே திறந்து, துடைத்து, அடுத்த குழாயைப் போட்டுவிடுவார்கள். ஆய்வகத்தில் நோய் தொற்றிய பலருக்கு எந்த நாளில், எதனால் வந்தது என்று சொல்லத் தெரியாததற்கு இந்த மாதிரி நிமிடங்களும் காரணம்.

இன்னொன்று. தொற்று இருப்பதாகத் தெரிந்த குழாய்க்குச் சில இடங்களில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டிக்கர் இல்லாத குழாய் சுத்தமானது என்று கை பழகிவிடுகிறது. எச்.ஐ.வி. தொற்றிய புதிதில் பரிசோதனையிலேயே தெரியாது. காய்ந்த ரத்தத்தில்கூட ஹெபடைடிஸ் பி கிருமி 7 நாள் உயிரோடு இருக்கும். எல்லாக் குழாயையும் ஒரே பயத்தோடு தொட வேண்டும்.

ஆய்வகம் நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் பெரிதல்ல. ஊசி குத்தினால் இரவிலும் கூப்பிடக்கூடிய டாக்டரின் எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை முதல் வேளைக்காவது கையிருப்பில் இருக்கட்டும். வேலைக்குச் சேரும் முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்ததா என்று பாருங்கள்; கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்றும் பரிசோதியுங்கள். அப்புறம், விபத்துப் பதிவேட்டில் 'யார் தவறு' என்று ஒரு கட்டம் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். அது இருக்கும்வரை யாரும் எழுத மாட்டார்கள்.

இதைப் படிக்கும் டெக்னீஷியன் தம்பி தங்கைகளுக்கு: குத்திவிட்டால் விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே யாரிடமாவது சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்குத் தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் ஆறாவது வாரப் பரிசோதனை இன்னும் இரண்டு வாரத்தில் வருகிறது. அன்று ரத்தம் நானே எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்
(அந்தப் பெண்ணை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)