சுவரைப் பூசும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். முழங்கால் வலி குறைந்துவிட்டதால் மாலை நடையை மறுபடி தொடங்கியிருக்கிறேன்.

சரி, உன் சமையலறை விஷயத்துக்கு வருகிறேன். டைல்ஸ், சிம்னி, அலமாரி எல்லாம் முடிவாகிவிட்டது, கேஸ் குழாயைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் செய்யாதே. டைல்ஸ் பிடிக்காவிட்டால் சகித்துக்கொண்டு இருந்துவிடலாம். பூச்சுக்குள் போன குழாயில் சந்தேகம் வந்தால் சுவரை உடைத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் எந்த அடுப்பு என்று முடிவு செய். எத்தனை பர்னர், கீழே ஓவன் வருமா, அது கேஸா மின்சாரமா என்பதெல்லாம் தெரிந்தால்தான் குழாயின் விட்டத்தைக் கணக்கிட முடியும். நீளம் கூடக் கூட, எல்போ என்கிற வளைவு இணைப்பு ஒவ்வொன்றில் திரும்பும்போதும், அழுத்தம் கொஞ்சம் குறையும். குழாய் ஒடுங்கியதாக இருந்தால் ஒரு பர்னர் எரியும்போது ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் பற்றவைத்ததும் தீ சுருங்கிவிடும்.

சிலிண்டரா, குழாய்வழி இயற்கை எரிவாயுவா என்பதையும் மறந்துவிடாதே. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். புரோப்பேன் காற்றைவிட ஏறக்குறைய 1.5 மடங்கு கனம், பியூட்டேன் 2 மடங்கு. கசிந்தால் தரையோடு படியும், அதனால் கீழே காற்றுப்போக்கு வேண்டும். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அது காற்றைவிட லேசானது, மேலே போய்ச் சேரும். பின்னாளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பர்னருக்குள் கேஸ் வரும் சிறு துளையான நாசிலையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது கேஸை நிறுத்தும் வால்வு வைக்கும் இடம். பலர் அடுப்புக்கு நேர் பின்னால் வைத்துவிடுகிறார்கள். வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் அந்தத் தீயைத் தாண்டியா கையை நீட்டுவது? பக்கத்து அலமாரிக்குள், கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும். அந்த இடத்தில் இழுப்பறை வேண்டாம் என்று தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. இல்லாவிட்டால் இழுப்பறையின் பின்பலகை வால்வில் இடித்துக்கொண்டே இருக்கும். அவசரத்தில் அதைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. ஓவன் வைப்பதானால் ரப்பர் ஹோஸ் அதன் சூடான முதுகைத் தொட்டுப் போகக் கூடாது. ஹோஸ் எப்போதும் கண்ணில் படும் இடத்தில், குட்டையாக, மடங்காமல் இருக்க வேண்டும். அதில் அச்சிட்டிருக்கும் தேதியையும் பார்த்து வாங்கு.

சுவருக்குள் ஜாயின்ட் எதுவும் வேண்டாம். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் குழாய்க்கு ஓர் உறை போடச் சொல். மின்கம்பிகளிலிருந்து தள்ளியே கொண்டுபோகச் சொல். இதற்கென்று உரிமம் பெற்றவரை மட்டும் கூப்பிடு. தண்ணீர்க் குழாய் வேலைக்கு வந்தவரே இதையும் முடித்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதே.

அப்புறம் சோதனை. பூச்சு வேலை தொடங்கும் முன் குழாயில் காற்றை ஏற்றி, அழுத்தம் காட்டும் அளவியைப் பொருத்தி, முள் கொஞ்சமும் இறங்காமல் நிற்கிறதா என்று நீயும் கூடவே நின்று பார். ஒவ்வொரு ஜாயின்டிலும் சோப்பு நுரையைத் தடவும்போது குனிந்து பார்: கசிவு இருந்தால் ஒரே இடத்தில் சின்னச் சின்னக் குமிழ் விடாமல் கிளம்பி வரும். தீக்குச்சி கிழித்துப் பார்க்க யாரையும் விடாதே. அடுப்பைப் பொருத்திய பிறகு, அந்தக் கடைசி இணைப்புக்கும் ஒருமுறை நுரை வைக்கச் சொல். கொத்தனார் அவசரப்படுத்துவார். முள் நிற்கிறவரை அவர் காத்திருக்கட்டும்.

பூசும் முன் சுவரில் அளக்கும் டேப்பை வைத்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் தூரம் தெரிகிற மாதிரி படம் எடுத்துவை. பின்னாளில் யாராவது ஆணியடிக்க வந்தால் அதுதான் காப்பாற்றும்.

அடுப்பு எங்கே, வால்வு எங்கே என்று ஒரு தாளில் கோடு போட்டு எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு உடனே எழுதுகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்