நர்சிங் ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியருக்கு,

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தைத் திருத்தி, செமஸ்டர் முறையையும் நோயாளிக்குப் பதிலாகப் பொம்மை போன்றவற்றை வைத்துச் செய்துபார்க்கும் சிமுலேஷன் பயிற்சியையும் கொண்டுவந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், அந்தப் பயிற்சியை நடத்தும் முறையை ஆசிரியர்களுக்கு யார் கற்றுத்தருவது? மாணவி பொம்மையின் கையில் ஊசி ஏற்றியதும் ‘அடுத்த ஆள்' என்று வகுப்பு நகர்ந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மருந்து தருமுன் நோயாளியின் பெயரைச் சரிபார்த்தாளா, எங்கே தயங்கினாள், ஏன் என்று பிறகு உட்கார்ந்து பேசுவதில்தான் அவள் கற்றுக்கொள்கிறாள். அவளைக் கூசவைக்காமல் அப்படிக் கேட்பதற்கு ஆசிரியருக்கே பழக்கம் வேண்டும்; ஒரு நாள் கருத்தரங்கும் சான்றிதழும் அதைத் தந்துவிடாது. வார்டை விட்டு விலகிப் பல ஆண்டுகளான ஆசிரியர்களை ஆண்டுக்குச் சில வாரங்களாவது, சம்பளத்துடன், மருத்துவமனைப் பணிக்கு அனுப்பக் கல்லூரி நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

- ஓய்வுபெற்ற நர்சிங் ஆசிரியை, மதுரை