நீச்சல் குளத்து உப்பு எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித் தனி வீடு வைத்திருப்போர் தங்கள் நீச்சல் குளத்தை உப்புநீர் முறைக்கு மாற்றிக்கொள்வது சில ஆண்டுகளாகப் பெருகி வருகிறது. 'குளோரின் இல்லாத குளம்' என்று சொல்லியே இதை விற்கிறார்கள். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற நானும், என் மகன் வீட்டுக் குளத்தை இப்படி மாற்றத் தலையாட்டியவன்தான் என்பதால், இரண்டு ஆண்டுகளில் கண்டதை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் பெயரே தவறு. உப்புநீர்க் குளத்திலும் குளோரின் உண்டு. கடையில் வாங்கிக் கொட்டுவதற்குப் பதிலாக அங்கேயே உண்டாக்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் வரை உப்புக் கரைந்த நீர் (கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம்) ஃபில்டரைத் தாண்டிக் குளத்துக்குத் திரும்பும் வழியில், ருத்தேனியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடு பூசிய டைட்டானியம் தகடுகள் அடுக்கிய ஒரு செல்லுக்குள் நுழைகிறது. மின்சாரம் பாயும்போது ஒரு தகட்டில் குளோரினும் எதிர்த் தகட்டில் ஹைட்ரஜனும் பிரிகின்றன. குளோரின் நீரில் கரைந்து கிருமிகளைக் கொன்ற பின், பெரும்பாலும் குளோரைடாக, அதாவது மறுபடியும் உப்பின் பகுதியாகவே, நீரில் தங்கிவிடுகிறது. ஆகவே 'உப்பு செலவாவதில்லை' என்று விற்பனையாளர் சொல்வதில் பொய் இல்லை.

முறையில் நன்மை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. குளோரின் ஒரு நாள் ஏறி மறு நாள் இறங்காமல் ஒரே அளவில் நிற்பதால் பேரப்பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கரையேறுவது நின்றது. பிளீச்சிங் பவுடர் டப்பாக்கள் வீட்டை விட்டுப் போயின. ஆசிட் கேன் மட்டும் போகவில்லை, ஏனென்றால் இந்த முறையில் நீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்கும்; ஆசிட் ஊற்றித்தான் இறக்க வேண்டும். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையால் செல்லின் தகடுகளில் சுண்ணாம்பு படிந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் வீட்டுக்காரர் பாடு, ஊரைப் பாதிப்பதில்லை. நான் எழுத வந்தது வேறு.

உப்பு செலவாவதில்லை என்றால் ஆண்டு முழுவதும் அதை ஏன் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்ற கேள்வி, வேதியியல் படித்தவனாகிய எனக்கே முதல் ஆண்டு முடிவில்தான் உறைத்தது. எங்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். கொள்ளளவு சுமார் 45,000 லிட்டர். தொடக்கத்தில் 25 கிலோ மூட்டை ஆறு கொட்டினோம். அடுத்த பொங்கலுக்குள், அளவு குறைகிறது என்று செல் விளக்கெரித்துச் சொன்ன போதெல்லாம் ஒவ்வொன்றாக மேலும் ஆறு மூட்டை போட்டிருந்தோம். வெயிலில் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு குளத்திலேயே நிற்கும். அப்படியானால் பின்னால் போட்ட 150 கிலோவும் நீரோடு நீராக வெளியேறியிருக்க வேண்டும்.

வெளியேறிய வழிகள் இரண்டு. மணல் ஃபில்டரை வாரம் ஒரு முறை பேக்வாஷ் செய்யும்போது, அதாவது நீரை எதிர்த் திசையில் செலுத்தி அழுக்கைக் கழுவி வெளியேற்றும்போது, ஏறக்குறைய 500 லிட்டர் போகிறது. அதில் மட்டும் ஆண்டுக்கு 90 கிலோ உப்பு. மீதி, வடகிழக்குப் பருவமழையில் குளம் வழிந்தபோது போனது. இரண்டு குழாய்களையும் பிளம்பர் மழைநீர் சேகரிப்புக் குழியில்தான் இணைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட நாளிலிருந்து, ஒரு சொட்டு நீரும் தெருவுக்குப் போகக் கூடாது என்றுதானே எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறோம்? பிளீச்சிங் பவுடர் காலத்தில் அந்த ஏற்பாடு பெரிதாகத் தீங்கு செய்யவுமில்லை. குளோரின் வெயில் பட்டால் இரண்டொரு நாளில் போய்விடும், மிஞ்சும் உப்பும் கொஞ்சமே. இப்போது இறங்குவதோ, லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள நீர். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் குளோரைடுக்கு விரும்பத்தக்க அளவாக வைத்திருப்பது 250; வேறு நீர் கிடைக்காத இடத்தில் பொறுத்துக்கொள்ளத்தக்க உச்ச அளவு 1,000.

குழிக்கு இருபதடி தள்ளி எங்கள் உறைக்கிணறு இருக்கிறது. மாற்றத்துக்கு முன் அதன் டி.டி.எஸ்., அதாவது லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மில்லிகிராம் அளவு, 600-ஐ ஒட்டி இருந்தது. பதினான்கு மாதம் கழித்து மீட்டரை முக்கி எடுத்தபோது 950 காட்டியது. மீட்டர் பழுதோ என்று சந்தேகித்து, கடையில் வாங்கிய குடிநீரிலும் முக்கிப் பார்த்தேன், பழுதில்லை. அதற்கு முன்பே கறிவேப்பிலைச் செடி சொல்லியிருந்தது: இலைகளின் ஓரம் மட்டும் காய்ந்த புகையிலை நிறத்தில் சுருண்டு, நடு நரம்பு பச்சையாகவே நின்றது. தோட்டக்காரர் பூச்சி என்றார். உப்பு என்று நான் சொன்னதும், "தென்னைக்குக் குழியிலேயே உப்புப் போடுவோமே ஐயா, உப்பு என்ன செய்யும்?" என்று கேட்டார். தென்னை தாங்கும், கறிவேப்பிலையும் மல்லிகையும் வாழையும் தாங்கா.

இது எங்கள் சுவருக்குள் முடிகிற விஷயமும் அல்ல. இந்தக் கடற்கரை மணலில் நல்ல நீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் மிதக்கிறது. அதைத்தான் தெரு முழுவதும் இறைத்துக்கொள்கிறது. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியது. இங்கே நாம் காசு கொடுத்து உப்பு வாங்கி மேலிருந்து ஊற்றுகிறோம்.

எங்கள் வீட்டில் செய்தது அதிகமில்லை. குளத்தின் இரண்டு குழாய்களையும் குழியிலிருந்து பிரித்துப் பாதாளச் சாக்கடையில் இணைத்தோம். வாரம் ஒரு முறை என்ற வழக்கத்தை விட்டு, ஃபில்டரின் அழுத்தமானி தூய நிலையைவிட எட்டுப் பத்து பி.எஸ்.ஐ. ஏறினால்தான் பேக்வாஷ் என்று வைத்துக்கொண்டதில், அது மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. பேக்வாஷே தேவைப்படாத கார்ட்ரிட்ஜ் ஃபில்டர்களும் உள்ளன. புதிதாகப் போடுவோர் அவற்றையே தேர்ந்தெடுக்கலாம். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் இருப்போர் பழைய முறையிலேயே இருப்பது நல்லது என்பது என் கருத்து. செப்டிக் டேங்கில் விட்டாலும் அந்த உப்பு கடைசியில் அதே மணலுக்குத்தான் இறங்கும்.

குளத்துடன் கூடிய வீடுகளின் வரைபடத்தை ஏற்கும்போதே, பேக்வாஷ் குழாயும் வழிநீர்க் குழாயும் எங்கே முடிகின்றன என்று உள்ளாட்சி அலுவலர்கள் கேட்க வேண்டும். மழைநீர்க் குழியில் முடிந்தால் வரைபடத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். கருவியை விற்போரும், முதல் மூட்டை உப்புக்குக் கணக்குச் சொல்லும் அதே தாளில், ஆண்டுதோறும் போட வேண்டிய உப்பின் கணக்கையும் அது போய்ச் சேரும் இடத்தையும் எழுதித் தர வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கடந்த மழைக்குப் பின் எங்கள் கிணறு 780-க்கு இறங்கியிருக்கிறது. கறிவேப்பிலைச் செடி பிழைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
நீலாங்கரை, சென்னை.