துணியைப் பிரித்திருக்கலாம் அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

மாதிரி உடைகள் தைக்கும் சாம்பிள் பிரிவிலிருந்து நான் விலகிவிட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபேஷன் ஷோ நெருங்கும் நேரத்தில் கிளம்பியதற்கு மன்னித்துவிடுங்கள். வேறு எப்போது சொல்லியிருந்தாலும் பேசிப் பேசியே என்னை மறுபடி மேசையில் உட்கார வைத்திருப்பீர்கள். பலரும் படிக்கும் இடத்தில் எழுதுவதும் அதனால்தான். நிறுவனத்தின் பெயரோ அந்த மாடல் பெண்ணின் பெயரோ இதில் வராது.

பச்சைப் பட்டு கவுன். அவள் போட்டுப் பார்த்த முதல் ஃபிட்டிங்கில் கச்சிதமாக இருந்தது. அடுத்ததில் ஜிப் இடுப்பைத் தாண்டி ஏறவில்லை. இரண்டு விரல் இடைவெளி. அவளுக்கு வளர்கிற வயது. பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருந்தோம், பிரித்துத் தைத்தால் முடிந்தது. நான் குனிந்தபோது என் கையை விலக்கினீர்கள். “உடையைத் தொடாதே. ஷோவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.” என்னிடம்தான் சொன்னீர்கள். பதில் சொன்னது அவள்: “குறைத்துவிடுகிறேன் மேடம்.”

கடைசி ஃபிட்டிங்கில் ஜிப் தடையில்லாமல் ஏறியது. அவள் முதுகில் பூனைமுடி அடர்ந்திருந்ததைப் பார்த்தேன். பட்டினி கிடக்கும் உடம்பு சூட்டைக் காத்துக்கொள்ள அப்படி வளர்க்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். “பார்த்தாயா, எவ்வளவு அழகாக விழுகிறது” என்றீர்கள். உண்மையிலேயே அழகாகத்தான் விழுந்தது. பிறகு அவளுக்கு என்ன ஆனது என்பதை எழுத எனக்கு உரிமையில்லை. உங்களுக்குத் தெரியும்.

என் கை நடுங்கிய நாள்களில் பக்கத்தில் அமர்ந்து, உடையில் கை பொருந்தும் ஒரே கைக்குழியைத் திரும்பத் திரும்பப் பிரிக்க வைத்து, முகம் சுளிக்காமல் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். என் பிழைப்பே அந்தப் பொறுமை போட்ட பிச்சை. அதில் ஒரு துளியை அவளுக்குக் கொடுக்க உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை?

உங்கள் கணக்கு எனக்கும் தெரியும். சாம்பிளை ஒரே அளவில்தான் தைக்க முடியும். அதே உடைதான் மேடைக்கும் போட்டோவுக்கும் பத்திரிகைக்கும் போகும். ஆகவே அதற்குள் நுழைகிற பெண்ணைத் தேடுகிறோம். சரி, ஒரே அளவாகவே இருக்கட்டும். அது ஏன் இவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? 2017-இல் பிரான்ஸின் பெரிய ஃபேஷன் குழுமங்களான எல்விஎம்எச், கெரிங் இரண்டும் மிகச் சிறிய அளவான பிரெஞ்சு அளவு 32-ஐ மாடல் தேர்விலிருந்து நீக்கின. அவர்களுடைய ஷோக்கள் நின்றுவிடவில்லை.

“டாக்டர் சான்றிதழ் இருக்கிறதல்லவா” என்பீர்கள். பிரான்ஸில் அது கட்டாயம்தான். ஆனால் ஒரு சான்றிதழ் இரண்டு ஆண்டுவரை செல்லும். அவள் உடம்பு பத்தே நாளில் மாறியது. 2006 ஆகஸ்டில் உருகுவேயின் மாடல் லூயிசெல் ராமோஸ் ஷோவில் நடந்து முடித்த சற்று நேரத்தில் 22 வயதில் இறந்தார். அடுத்த மாதமே மாட்ரிட் ஃபேஷன் வாரத்தில் உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை குறியீடு 18-க்குக் கீழே இருந்தவர்களுக்கு மேடை மறுக்கப்பட்டது. நவம்பரில் பிரேசிலின் மாடல் அனா கரோலினா ரெஸ்டன் இறந்தார், அவருக்கு 21. இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னதே நீங்கள்தான் அக்கா. சொல்லும்போது உங்கள் கண் கலங்கியது. அந்தக் கண்ணோடு எப்படி என் கையை விலக்கினீர்கள்?

இப்போது பெரிய அளவுகளுக்கு, துணி வெட்ட உதவும் பேட்டர்ன் வரைகிறேன். நாம் செய்துவந்ததுபோல் சிறிய அளவை எல்லாப் பக்கமும் சீராகப் பெருக்கினால் ஒத்துவரவில்லை. மார்பு கூடுகிற அளவுக்குத் தோள் அகலம் கூடுவதில்லை. கைக்குழி தொங்குகிறது, கழுத்து வாய் பிளக்கிறது. போட்டுப் பார்க்கும் பெண் பேட்டர்னையா குறை சொல்வாள்? தன் கையையும் வயிற்றையும்தான் திட்டிக்கொள்வாள். அதனால் பெரிய உடம்பிலேயே அளவெடுத்து முதலிலிருந்து வரைகிறேன்.

உடை மார்பில் வளைந்து பொருந்தப் பிடிக்கும் மடிப்பான டார்ட்டை ஒன்றாக விடுவதா, இரண்டாகப் பிரிப்பதா என்பதில் குழப்பம் இருக்கிறது. இதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் எனக்குத் தெரியாது. கோபம் தணிந்தால் பதில் எழுதுங்கள். தணியாவிட்டாலும் டார்ட்டைப் பற்றி மட்டுமாவது எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவி